அப்பா உட்கார்ந்த சீட்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு முன்னால் இருந்தவர்கள் நான்கு பேர். டிரைவர் சீட்டில் அப்பா. பக்கத்து சீட்டில் இஞ்ச் டேப்பும் நோட்டுமாக நான். வாசற்படியில் துணி மடித்துக்கொண்டு அம்மா. ஜாக்கி இரவல் கேட்க வந்து, கேட்க மறந்து, பானட்டில் சாய்ந்து வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டு வங்காளி மெக்கானிக்; அண்ணன் என்கிற பொருளில் எல்லோருக்கும் அவர் தாதா. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் குடும்பத்தில் அப்பாவைத் தவிர கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆளான மச்சான். அவர் அக்காவோடு டிக்லிபூரில் இருந்தார். இன்னொருவர் வண்டியை விலைக்குப் பார்க்க டெய்ரி ஃபார்ம் ஏரியாவிலிருந்து வருவதாகச் சொன்னவர். நான்கு மணிக்கு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். மணி மூன்றே கால். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை.

வண்டியை விற்பது அம்மாவின் முடிவு. அப்பாவுக்கு இடது இடுப்பில் தொடங்கி முழங்கால் வரை இழுக்கிற வலி. சில நாள் பாதம் மரத்துப்போகும். கிளட்சை மிதிக்கிற கால் அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், உட்காரும் முறையைச் சரி செய்யுங்கள், ஒரு மாதத்தில் மரத்துப்போவது நிற்காவிட்டால் ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார். இந்தியில்தான் சொன்னார். அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது. வெளியே வந்ததும், "என்னடா சொன்னாரு?" என்று தெரியாதவர்போல என்னிடம் கேட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பத்தொன்பது வயதில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்து, ரோடு வேலை செய்து, டிப்பர் லாரி ஓட்டி, ஆறு வருடத்துக்கு முன் கடனில் இந்த வெள்ளை வண்டியை வாங்கினார். ஓர் அலுவலகத்துக்காகத் திங்களும் வியாழனும் ரங்கத் போய்வருகிற ஒப்பந்தம். வீட்டுக்கு வருகிற காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். வண்டியோடு வந்த புத்தகம் மட்டும் ஆறு வருடமாக டாஷ்போர்டுக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், சந்தனப்பொட்டோடு கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுதான் பிரித்தேன். சீட்டைப் பற்றி அதில் நான்கு பக்கம் இருந்தது. படமும் இருந்தது. நான்கு பக்கத்தைப் படித்திருந்தால் இந்த வலியே வந்திருக்காதோ என்று அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தகத்தில் உள்ளது, கைபேசியில் தேடியது எல்லாவற்றையும் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். பின்பாக்கெட்டில் பர்ஸ் கூடாது. இடுப்பு சீட்டின் மூலைவரை போக வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தபின்னும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். முதுகு ஒட்டியிருக்கும்போதே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் விழ வேண்டும். சாய்வு நிமிர்ந்தும் இருக்கக் கூடாது, படுத்தும் இருக்கக் கூடாது. கீழ்முதுகின் பள்ளத்தில் சுருட்டிய துண்டு. கண்ணாடிகளைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும்.

அப்பா இவற்றில் ஒன்றையும் செய்ததில்லை. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, மேலே இரண்டு தலையணை போட்டு, லாரியில் உட்கார்ந்த மாதிரியே உயரத்தில் உட்கார்ந்திருந்தார். முதுகு சீட்டைத் தொடுவதே இல்லை.

"தலகாணிய எடுங்கப்பா."

"எடுத்தா ரோடு தெரியாதுடா."

"கார்ல தெரியும். இது லாரி இல்ல."

"க்யா பாய், பேட்டா பேண்ட் சீனே வாலா ஹை க்யா?" என்றார் தாதா. என் டேப்பைப் பார்த்துவிட்டு, பையன் பேண்ட் தைக்கவா அளவெடுக்கிறான் என்று கேட்கிறார்.

"பேண்ட் இல்ல தாதா, டாக்டர் பன் கயா" என்றார் அப்பா, நான் டாக்டராகிவிட்டேனாம். "இந்த டாக்டருக்கு நாந்தான் பீஸ் கட்டுனேன்."

அம்மா சிரிக்கவில்லை. "ஒங்க இடுப்ப அடகு வச்சு ஒரு வண்டி ஓட வேணாம். நாலு மணிக்கு அந்த ஆளு வருவாரு. வெலையப் பேசி முடிங்க."

"ஒரே ஒரு ட்ரிப்பு. நாளைக்கு ஓட்டிப் பாக்குறேன். சரியில்லன்னா நீ சொல்றதுதான்."

எல்லாம் அந்த ஒரு ட்ரிப்பில் வந்து நின்றது. சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியைத் தூக்கினால் சீட் நகர வேண்டும். நகரவில்லை. துருப்பிடித்துப்போயிருந்தது. தாதா எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் உலுக்கி, ஒரு கிறீச்சோடு முன்னால் கொண்டுவந்தார். நான் பக்கத்து சீட்டில் இருந்தபடியே அப்பாவின் முழங்காலைப் பார்த்தேன், மணிக்கட்டைப் பார்த்தேன், நோட்டில் டிக் போட்டேன். அம்மாவிடம் துண்டு வாங்கிச் சுருட்டி வைத்தேன். நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மழை வரும்போல இருக்கிறது, அடுத்த வாரம் பார்ப்போம் என்று போன் செய்தார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

நான் டெலானிபூரில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு கிளம்பினேன். பின்சீட்டில் அப்பாவுக்கு ஒப்பந்தம் கொடுத்த அலுவலகத்து மேடம் ஒருவர் மட்டும். ஏறிய பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டார்.

ஜிர்காடாங் கேட்டில் காலை கான்வாய்க்கு வரிசையில் நின்றோம். அந்த கேட் திறந்தால் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குக் காடு. பழங்குடி மக்களின் இடம் அது. வண்டிகள் போலீஸ் காவலோடு ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. வெளியில் ஓர் ஓட்டுநருக்கு இடுப்பு பிடித்தால் ஓரமாக நிறுத்தி, நாலு தப்படி நடந்து, டீ குடித்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். இங்கே பிடித்தால் பிடித்தபடியே காடு முடிகிற துறை வரை போய்ச் சேர வேண்டும். அதனால்தான் வீட்டில் எல்லோரும் "கான்வாய் தாங்குமா?" என்றே கேட்டார்கள். வலி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கேட் திறந்தது. நான் நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டேன். எந்தக் கிலோமீட்டரில் வலி தொடங்குகிறது என்று குறிப்பது என் திட்டம்.

"இப்ப எப்படி இருக்குப்பா?"

"இப்பத்தானடா கெளம்பிருக்கோம்."

இரண்டு வளைவு கழித்து மறுபடி கேட்டேன். அப்புறம் ஒரு பாலம் தாண்டி. அப்புறம் எதிர்ப்பக்க கான்வாய்க்காக மெதுவானபோது.

"இன்னொரு தடவ கேட்டா எறக்கி விட்ருவேன். இங்கன எறக்க முடியாதுங்கிற தைரியத்துல பேசிக்கிட்டு வர்ற நீ."

ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவருடைய இடது தொடை லேசாக நடுங்குவது தெரிந்தது. உள்கண்ணாடியைப் பார்த்தேன். கிளம்பும்போது அதைத் திருப்பியது நான்தான். பின்கண்ணாடி முழுதும் தெரியும்படி வைத்திருந்தேன். இப்போது அப்பா அதைப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் உட்கார்ந்த உயரம் இறங்கிவிட்டது, முதுகு சரிந்துவிட்டது. இதுவும் நோட்டில் இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஏற்றம் வந்தது. முன்வண்டி மெதுவானது. அப்பா கியர் மாற்றப் போனார். கால் கிளட்சைப் பாதிவரைதான் மிதித்தது. வண்டி இரண்டு முறை குதித்து நின்றுபோனது.

பின்னால் வரிசையாக ஹாரன். அப்பா கையால் தன் இடது தொடையைப் பிடித்துத் தூக்கி, பாதத்தைக் கிளட்சின்மேல் வைத்தார். ஒரு மூட்டையைத் தூக்கி வைக்கிற மாதிரி. என்னைப் பார்க்கவில்லை. வண்டி உறுமிக் கிளம்பியது.

மேடம் விழித்துக்கொண்டார். "பையா, தபியத் டீக் ஹை நா?"

"டீக் ஹை மேடம், டீக் ஹை" என்றார் அப்பா. உடம்பு சரியாகத்தான் இருக்கிறதாம். கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை. நோட்டையும் மூடிவிட்டேன். நான் தலையணையை எடுத்தேன், நான் சீட்டை முன்னால் கொண்டுவந்தேன், முன்பு கான்வாய் முடிகிற இடத்தில் வந்த வலி இப்போது பாதியிலேயே வந்துவிட்டது. புத்தகத்தில் போட்டதைத்தானே செய்தேன் என்று திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மிடில் ஸ்ட்ரெயிட் துறையில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் வெசலில் ஏறினோம். மேடம் மேலே போய்விட்டார். அப்பா இறங்கி, தளத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரைப் பார்த்தபடி காலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். தூறல் போட்டது. அவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே நனையக் கூடாதென்று நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

ஆறு வருடத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு பைக் லைசென்ஸ்தான். அதில் உட்கார எனக்கு வேலையே இருந்ததில்லை.

சும்மா இருக்க முடியாமல் நோட்டில் எழுதியதை என் உடம்பில் செய்து பார்த்தேன். இடுப்பை மூலைக்குத் தள்ளி, முதுகை ஒட்டி, இரண்டு கையையும் நீட்டினேன். இடது மணிக்கட்டு ஸ்டீயரிங்கைத் தாண்டி அப்பால் விழுந்தது. வலது கையில் விரல்நுனி மட்டும் எட்டியது. தோளை அசைத்துவிட்டு மறுபடி நீட்டினேன். அதே மாதிரி. குனிந்து முழங்கால்களைப் பார்த்தேன். இரண்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிளட்சுக்குப் போக இடது கால் குறுக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் இடப்பக்கத்திலிருந்து இடது கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். டிக் போட்டதும் அந்த ஒரு கைக்குத்தான்.

ரங்கத்தில் மேடத்தை இறக்கிவிட்டு, ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, ஒரு கயிறு வாங்கி அளந்தேன். சீட்டின் இடது முன்மூலையிலிருந்து பெடல்களுக்கு அப்பால் இருக்கிற தகடு வரை. வலது மூலையிலிருந்து அதே தகடு வரை. இடப்பக்கம் ஒன்றரை விரல் குறைவு. சீட்டே கதவுப் பக்கம் திரும்பி நிற்கிறது. அதில் உட்கார்ந்து எந்தப் புத்தகத்தைப் படித்து என்ன?

அப்பா டீ டம்ளரோடு குனிந்து கயிற்றைப் பார்த்தார்.

"செவப்பு பெயிண்டு அடிச்சோமே, அன்னைக்கு சீட்டக் கழட்டி மாட்டுனது யாரு?"

உப்புக்காற்றில் இங்கே எந்த வண்டிக்கும் தரைத்தகடுதான் முதலில் போகும். ஃபிட்னஸ் சோதனைக்குப் போனால் ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் தகட்டைக் குத்திப் பார்ப்பார்கள். அதனால் சோதனைக்கு முன் எல்லோரும் சீட்டுகளைக் கழற்றி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சிவப்பு பெயிண்ட் அடித்து மாட்டுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் நாங்களும் செய்தோம். அப்பா பெயிண்ட் அடித்தார். போல்ட் என் பொறுப்பு. ஒவ்வொரு சீட்டின் போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே பேனாவால் எழுதி வைத்து, ஒன்றுகூட மாறாமல் நான்தான் முடுக்கினேன். அன்று சாயங்காலம் தாதாவிடம் அப்பா அந்தக் கவர்களைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நாந்தான்" என்றேன்.

"கவர்ல பேரெல்லாம் எழுதி வச்ச."

"ஆமா."

"எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். ராத்திரி ரங்கத்தில் தங்கி, மறுநாள் வீடு திரும்பினோம். டிக்கியில் கிடந்த சாக்கை மடித்து வலது தொடைக்குக் கீழே கொடுத்துக்கொண்டு, தலையணை இரண்டையும் மறுபடி போட்டுக்கொண்டு, எப்படியோ ஓட்டினார்.

செவ்வாய் சாயங்காலம் தாதா வண்டிக்குள் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சீட் நிற்கிற ரெயில் இரண்டு. ஒவ்வொன்றிலும் பல் வரிசை. மாட்டும்போது இடது ரெயில் ஒரு பல் முன்னால் நகர்ந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்காமல் முடுக்கியிருக்கிறேன். மூன்று வருடத்தில் அது அந்தக் கோணலிலேயே துருவேறி இறுகிவிட்டது; ஞாயிற்றுக்கிழமை முன்னால் நகர்ந்ததும் அதே கோணலோடுதான். கழற்றும்போது பற்கள் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன.

"ஏக் தாந்த் பே கடா தா, பாய்" என்றார் தாதா. ஒரு பல்லில்தான் இத்தனை நாள் நின்றிருக்கிறதாம். "பிரேக் ஜோரா அடிச்சிருந்தா சீட்டோட நீ கண்ணாடிக்கு வெளிய."

புது ரெயில் போர்ட் பிளேரில் எங்கும் இல்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். மேடம் நல்லவர்தான், ஆனால் கான்வாயில் வண்டி நின்றதை அலுவலகத்தில் சொல்லாமல் இருக்க அவரால் முடியுமா? சீட் சரியானபின் வாருங்கள், அதுவரை வேறு வண்டி வைத்துக்கொள்கிறோம் என்று போன் வந்தது. அம்மா டெய்ரி ஃபார்ம்காரருக்குப் போன் செய்தார். சீட் இல்லாத வண்டியை எப்படிப் பார்ப்பது, சீட் வரட்டும் என்றார் அவர்.

கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளித் தள்ளிப் போனது. நான் தினமும் இரண்டு தடவை சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். என் அலுவலகத்தில் தப்புத்தப்பாக டைப் அடித்தேன். வீட்டில், கழற்றிய டிரைவர் சீட்டைச் செங்கல்மேல் வைத்து முன்வராந்தாவில் போட்டிருந்தோம். அப்பா காலையிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருப்பார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. எங்கள் சிப்பிகாட் வழியாகப் போகிற வருகிற டிரைவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள்.

"காரே இல்லாம எங்க போறீங்க?" என்று அம்மா கேட்பார்.

"மாயாபந்தர்."

"வரும்போது நண்டு வாங்கிட்டு வாங்க."

ஒருநாள் நான் ஒரு செங்கல்லைக் கிளட்சு இருக்கிற தூரத்தில் கொண்டுபோய் வைத்தேன். அப்பா இடது காலால் அதை மிதித்தார். கால் நேராகப் போயிற்று. நான் சாய்வை ஒரு பிடி பின்னால் விட்டேன். "போதுமா?" என்றேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். அப்புறம், "நிறுத்து, நிறுத்து. இது." துண்டைச் சுருட்டி வைத்தது அம்மா. நான் வைத்ததைவிட இரண்டு விரல் கீழே வைத்தார். அதுதான் அப்பாவுக்குப் பொருந்தியது. புத்தகத்தில் அந்த இடம் குறிப்பாகச் சொல்லப்படவில்லை. இந்த முறை நான் டேப் எடுக்கவில்லை. வலப்பக்கம் போய் நின்றும் பார்த்தேன், முன்னால் வந்து நின்றும் பார்த்தேன், பிறகு அவரை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தும் பார்த்தேன்.

ஆறு ட்ரிப் ஓடாமல் போனபின் ரெயில் வந்தது. மாட்டும்போது தாதா ஸ்பானரை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "வாங்குடா" என்றார் அப்பா. "பல்ல எண்ணி மாட்டு." இரண்டு பக்கமும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கயிறு கட்டி அளந்தேன். தாதாவுக்குப் பொறுமை போய், "ஷாதி கா மண்டப் ஹை க்யா?" என்று கத்தினார், கல்யாணப் பந்தலா போடுகிறாய் என்று.

வியாழக்கிழமை ட்ரிப்புக்கு அப்பா நான் இல்லாமல் போனார். எனக்கு லீவு இல்லை. காட்டுக்குள் போனால் சிக்னல் கிடையாது. ஏழு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு, டெலானிபூர் ஏற்றத்தில் நடந்தேன், திரும்பி இறங்கினேன், மறுபடி ஏறினேன். பத்தரைக்குத்தான் அழைத்தார்.

"கால் மரத்துச்சாப்பா?"

"இல்ல."

"வலி?"

"காடு முடிஞ்சு கதம்தலா தாண்டி லேசாப் புடிச்சுச்சு. நிறுத்தி நடந்தேன். போயிருச்சு."

"எந்தப் பக்கம்? எடமா வலமா? துண்டு எறங்கிருச்சா?"

"பூரி திங்க விடுடா."

டாக்டரிடம் மறுபடி போனோம். ஓட்டலாம், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும் என்றார். கான்வாய் அதற்குள் முடிந்துவிடும் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அம்மா அன்றே டெய்ரி ஃபார்ம்காரருக்குப் போன் செய்து வண்டி விலைக்கு இல்லை என்று சொன்னார். மேடத்தின் அலுவலகத்தில் வியாழக்கிழமையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வேறு வண்டிக்குப் போனது போனதுதான். அதைப்பற்றி அப்பா என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சாப்பிடும்போது அம்மாதான் கேட்டார்: "மொத்தம் எம்புட்டு ஆச்சு?" இனிக் கிடைக்காமல் போகப்போகிற திங்கட்கிழமைகளை என்னால் கணக்கில் எழுத முடியவில்லை. அவற்றை விட்டுவிட்டு, பெல்ட்டுக்கு அறுநூற்று ஐம்பது, ரெயிலுக்கு மூவாயிரத்து அறுநூறு, கப்பல் கூலி நானூற்று எண்பது, தாதாவுக்கு ஐந்நூறு, ஓடாமல் போன ஆறு ட்ரிப்புக்கு டீசல் கழித்துப் பதினைந்தாயிரம் என்று கூட்டிச் சொன்னேன். இருபதாயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்.